மாலையில் நன்றாக இருந்த வெல்டு இரண்டு நாளில் விரிசல் விடுவது ஏன்?

கேள்வி: 690 மெகாபாஸ்கல் ஈல்டு வலிமை (நிரந்தரமாக நெளியத் தொடங்கும் அளவு) கொண்ட 25 மி.மீ. தகட்டில் கிரேன் தூக்குச் சட்டம் செய்கிறோம். வெல்டிங் ராடு 11018. முடித்த அன்று, விரிசலுக்குள் சாயம் ஊறவிட்டுப் பார்க்கும் சாயச் சோதனையில் குறை தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து ஃபில்லட் வெல்டின் (இரண்டு தகடுகள் சேரும் மூலையில் போடும் வெல்டு) ஓரத்தில் மயிரிழை விரிசல். இன்னும் வலிமையான ராடுக்கு மாறலாமா?
- கோவை வாசகர்

பதில்: மாறாதீர்கள். நீங்கள் போகவேண்டிய திசை அதற்கு நேர் எதிரானது.

'இரண்டு நாள் கழித்து' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே போதுமான தடயம். இது ஹைட்ரஜன் விரிசல். ராடின் பூச்சில் ஏறிய ஈரம், தகட்டின் துரு, எண்ணெய், பெயின்ட் எல்லாம் ஆர்க்கின் வெப்பத்தில் சிதைந்து ஹைட்ரஜனைத் தருகின்றன. உருகிய எஃகு அதைத் தாராளமாகக் கரைத்துக்கொள்கிறது. இறுகிய பிறகு அந்த அளவு அதில் தங்க முடியாது. அணுக்கள் மெல்ல நகர்ந்து, வெல்டை ஒட்டி வேகமாக ஆறியதால் கடினமாகிப்போன பகுதியில் சேர்கின்றன. சுருங்கும் வெல்டின் இழுப்பு அங்கே காத்திருக்கிறது. உலோகம் ஏறக்குறைய 150 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகுதான் விரிசல் பிறக்கும். அதற்கு மணிக்கணக்கில், சமயத்தில் நாள்கணக்கில் பிடிக்கும். உங்கள் எஃகில் கடினத்தையும் இழுப்பையும் முழுதாக ஒழிக்க வழியில்லை. ஹைட்ரஜனைத்தான் துரத்தவேண்டும்.

முதலில் ராடு. 11018 ராடை 370 முதல் 430 டிகிரியில் குறைந்தது ஒரு மணி நேரம் சுட்டு, பிறகு 120 டிகிரிக்குக் குறையாத ஓவனில் வைக்க வேண்டும். வெளியே எடுத்தால் அரை மணி நேரம்தான் கணக்கு. வலிமை குறைந்த 7018 ராடுக்கு நான்கு மணி நேரம் தரும் அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதிநூல் 11018-க்குத் தருவது இவ்வளவே. காலையில் ஒரு கட்டு எடுத்து மதியம்வரை பக்கத்தில் வைத்திருக்கும் வெல்டர், நல்ல ராடைக் கெட்ட ராடாக்கிக்கொண்டிருக்கிறார். மறுபடி சுடுவதற்கு ஒரே ஒரு முறைதான் அனுமதி. சில பட்டறைகளில் பல்பு எரியும் மரப்பெட்டியை ஓவன் என்கிறார்கள். பூச்சுக்குள் பிணைந்திருக்கும் நீரை அந்தச் சூடு அசைக்கக்கூட அசைக்காது. இந்த ஒழுங்கெல்லாம் முடியாதென்றால், வாயுப் பாதுகாப்புடன் கூடிய திடக் கம்பி வெல்டிங்குக்கு மாறுங்கள். அதில் ஹைட்ரஜன் இயல்பாகவே குறைவு.

அடுத்தது முன்சூடு, அதாவது வெல்டு போடுமுன் தகட்டைச் சூடாக்குவது. தகட்டின் தடிமன் 25 என்று பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். டி வடிவ இணைப்பில் வெப்பம் மூன்று பக்கமும் ஓடும். மொத்தத் தடிமன் 75 மி.மீ. எஃகு ஆலை தரும் அட்டவணையில் அந்த வரியைப் பாருங்கள். மழைக்காலத்தில், இறுக்கமான சட்டத்தில் என்றால் 125 டிகிரிக்குக் கீழே நான் தொடங்கமாட்டேன். அதே அட்டவணையில் மேல் எல்லையும் இருக்கும். அதைத் தாண்டினால் தகட்டின் வலிமையும் உறுதியும் போய்விடும். வெல்டிலிருந்து 75 மி.மீ. தள்ளி, முடிந்தால் சூடேற்றிய பக்கத்துக்கு மறுபக்கத்தில் அளவெடுங்கள். டார்ச் பட்டவுடன் தகடு வியர்ப்பதுபோலத் தெரியும். எரியும் வாயுவிலிருந்து வரும் நீர் அது. உலர்ந்துவிட்டதே என்று அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. உண்மையான சூடேற்றல் அதன் பிறகுதான்.

பாகங்களை இடத்தில் பிடித்துவைக்கப் போடும் சிறு டேக் வெல்டுக்கும் இதே முன்சூடு வேண்டும். குளிர்ந்த தகட்டில் வைத்த சின்ன டேக்தான் எல்லாவற்றையும்விட வேகமாக ஆறுகிறது. விரிசல் பல சமயம் அங்கேதான் கருக்கொள்கிறது. டேக் 50 மி.மீ. நீளமாவது இருக்கட்டும்.

முடித்ததும் ஆறவிடாதீர்கள். சூடு இறங்குமுன் 200 முதல் 250 டிகிரிக்கு ஏற்றி, இரண்டு மணி நேரம் வைத்திருந்து, செராமிக் கம்பளியால் போர்த்திவிடுங்கள். ஹைட்ரஜன் வெளியேற இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. தேய்மானத்தைத் தாங்கும் கடினத் தகடுகளில் மட்டும் எச்சரிக்கை: சில ரகங்கள் இந்தச் சூட்டிலேயே மென்மையாகிவிடும்.

இனி நீங்கள் கேட்ட ராடு. ஃபில்லட் வெல்டுகள் பெரும்பாலும் தகட்டின் முழு வலிமையைக் கேட்பதில்லை. வடிவமைப்பாளர் ஒப்புக்கொண்டால் அங்கே வலிமை குறைந்த 9018, சில இடங்களில் 7018-கூடப் போதும். மென்மையான வெல்டு சற்று நீண்டுகொடுத்து, ஓரத்தின் இழுப்பைக் குறைக்கும்.

சோதனையை வெல்டிங் முடிந்து 48 மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். சாயத்தைவிட, தகட்டைக் காந்தமாக்கி இரும்புத்தூள் தூவிப் பார்க்கும் காந்தத்துகள் சோதனை மேல். விட்டுப்போன விரிசல் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். மெல்போர்னில் 1961-இல் திறக்கப்பட்ட கிங் ஸ்ட்ரீட் பாலம், 1962 ஜூலை 10 அன்று சுமார் 45 டன் எடையுள்ள வாகனம் கடக்கும்போது உடைந்தது. குறுக்கு ஃபில்லட் வெல்டின் ஓரத்தில், உத்தரம் செய்யப்பட்டபோதே உண்டான விரிசல்களிலிருந்துதான் அந்த முறிவு கிளம்பியது. நீங்கள் செய்வதும் தலைக்கு மேல் சுமை தூக்கும் பொருள்.

இப்போது விரிசல் விட்டிருப்பதன்மேல் இன்னொரு அடுக்குப் போட்டு மூடிவிடாதீர்கள். முழு ஆழத்துக்கும் தோண்டியெடுத்து, ஆர்க் கௌஜிங் (ஆர்க்கின் வெப்பத்தால் உலோகத்தை உருக்கித் தோண்டுவது) செய்தால் கறுத்த பரப்பைக் கிரைண்டரால் பளபளப்பாகும்வரை நீக்கி, விரிசல் மிச்சமில்லை என்று சோதித்து, முதல்முறையைவிட 25 டிகிரியாவது கூடுதல் முன்சூட்டில் மறுபடி தொடங்குங்கள். அதே நாளில் செய்த மற்றச் சட்டங்களை வாடிக்கையாளரிடமிருந்து திரும்ப வரவழைத்துவிடுங்கள்.