கொடைக்குள் கார் மாற்ற மீதி நகையையும் வைக்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சம்பளம் 24,000 ரூபாய். கணவர் கங்கைகொண்டான் சிப்காட்டில் சூப்பர்வைசர், 58,000 வாங்குகிறார். ஒரே மகள், எட்டாம் வகுப்பு. 2019-இல் வீடு பால் காய்ச்சியபோது என்னுடைய 40 பவுனில் 20 பவுனை வங்கியில் வைத்து 3 லட்சம் வாங்கினோம். வருடா வருடம் மாற்றி வைத்து, கடன் இப்போது 9.5 லட்சத்தில் நிற்கிறது. வீட்டுக் கடனுக்கு மாதம் 21,000, காருக்கு 13,100 (இன்னும் மூன்று வருடம்), டிவிக்கும் போனுக்கும் 6,500 (இன்னும் எட்டு மாதம்) போகிறது. கார் வாங்கிய புதிதில் குற்றாலம், பாபநாசம் என்று போனோம். இப்போது பெட்ரோலுக்குக் கணக்குப் பார்த்து வண்டியை எடுப்பதே இல்லை. சித்திரையில் களக்காடு பக்கம் எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழா. போன வருடம் பெங்களூரிலிருந்து பெரிய காரில் வந்த நாத்தனார், "என்ன மைனி, இன்னும் இதே வண்டிதானா?" என்று கேட்டதிலிருந்து, மீதி 20 பவுனையும் வைத்து வண்டியை மாற்ற வேண்டும் என்கிறார் கணவர். அதில் 2 லட்சத்தை டிஜிட்டல் தங்கத்தில் போட்டால் கடன் தானாக அடையும் என்கிறார் என் தங்கை வீட்டுக்காரர். எல்லாம் இருக்கிறது, ராத்திரி தூக்கம்தான் இல்லை. போன வருடக் கொடைக்கு, நல்ல செயின் அடகில் இருந்ததால் கவரிங் செயின் போட்டுக்கொண்டு போய், யாராவது தொட்டுப் பார்த்துவிடுவார்களோ என்று மூன்று நாளும் பயந்துகொண்டே இருந்தேன். பெயர் வேண்டாம்.

பதில்: சகோதரி, மீதி 20 பவுனைத் தொடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வரவு செலவு எழுதுங்கள், அவசரத்துக்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. வீட்டுக் கடனைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை, அது பாட்டுக்குப் போகட்டும். உங்கள் குடும்பத்தை அரித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு பழக்கம்: அந்த நகையை வருடா வருடம் கூடுதல் தொகைக்கு மாற்றி வைப்பது.

அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கெடு முடிகிறது. கவுண்டரில் நகையை மறுபடி எடை போடுகிறார்கள். தங்கம் ஏறியிருப்பதால் அதே நகைக்கு ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. பழைய அசலையும் வட்டியையும் அதிலேயே கழித்துக்கொண்டு மீதியைக் கணக்கில் வரவு வைக்கிறார்கள். வட்டியைக் கட்டினால்தான் மாற்ற விடுவோம் என்று சொல்லும் இடத்தில், அரை நாளைக்குக் கைமாற்று வாங்கிக் கட்டிவிட்டு, புதுக் கடன் வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆக மொத்தம் சம்பளத்திலிருந்து ஒரு ரூபாய் வட்டிக்குப் போகவில்லை, கையிலோ ஐம்பதாயிரம், அறுபதாயிரம் வந்திருக்கிறது. அது யாருக்கும் கடனாகத் தெரியாது. வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே வண்ணார்பேட்டையில் ஏதாவது ஒரு ஷோரூமில் ஏறிவிடுவோம்.

உங்கள் கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். 3 லட்சம் 9.5 லட்சமாகியிருக்கிறது, கூடியது 6.5 லட்சம். வட்டி 9 சதவீதம் என்றும், இடைப்பட்ட வருடங்களில் சராசரிக் கடன் ஐந்தரை லட்சம் என்றும் வைத்தால், ஆறு வருடத்துக்கு வட்டி மட்டும் ஏறக்குறைய 3 லட்சம். ஆக நீங்கள் வாங்கிய சாமான் மூன்றரை லட்சத்துக்குத்தான். மீதி, வட்டிக்கு வாங்கிய கடன். இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2019 தொடக்கத்தில் பவுன் 25,000 ரூபாயை ஒட்டி இருந்தது. இப்போது 90,000 என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். அடகில் இருக்கும் 20 பவுனில் மட்டும் 13 லட்சம் ஏறியிருக்கிறது. அதில் சரிபாதியை டிவியும் போனும் வட்டியும் ஏற்கெனவே தின்றுவிட்டன. தங்கம் ஏறிக்கொண்டே இருக்கும்வரை இது வெளியே தெரியாது. 2013 ஏப்ரலில் சரிந்த மாதிரி ஒரு சரிவு வந்தால், மாற்றி வைக்கப் போகிற அன்றைக்குக் கூடுதல் தொகை கிடைக்காது, கையிலிருந்து கட்டு என்பார்கள். கட்ட முடியாதவர்களின் நகைதான் ஏல அறிவிப்பாகப் பேப்பரில் வருகிறது.

உங்கள் தங்கை வீட்டுக்காரர் சொல்கிற யோசனை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கையில் இருக்கும் தங்கத்தை 9 சதவீத வட்டிக்கு அடகு வைத்து, செல்போனில் தெரிகிற தங்கத்தை வாங்கச் சொல்கிறார். வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே அந்தக் கம்பெனி எடுத்துக்கொள்வது தனி. வட்டியையும் சேர்த்தால் முதல் வருடமே தங்கம் 12 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட பணம் போட்டபடி நிற்கும். டிஜிட்டல் தங்கம் தன் கட்டுப்பாட்டில் வராத பொருள், பிரச்சினை என்றால் முதலீட்டாளர் பாதுகாப்பு கிடைக்காது என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. தங்கம் இன்னும் ஏறும் என்று நம்புகிறீர்களா? சரி, உங்களிடம்தான் 40 பவுன் இருக்கிறதே.

இப்போது கார் பேச்சுக்கு வருகிறேன். நெதர்லாந்தில் ஒரு லாட்டரி உண்டு. வாரா வாரம் ஒரு அஞ்சல் குறியீட்டைக் குலுக்கி எடுத்து, அந்தப் பகுதியில் சீட்டு வாங்கியவர்களுக்குப் பணமும் புது பிஎம்டபிள்யூ காரும் கொடுத்து வந்தார்கள். இதைப் பற்றிய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. சீட்டே வாங்காத பக்கத்து வீட்டுக்காரர்கள் காருக்காகச் செய்த செலவு மற்றவர்களைவிடத் தெளிவாகக் கூடியிருந்தது. பரிசாகக் கார் கிடைத்தவர்களில் பெரும்பாலோர் அதை விற்றுக் காசாக்கிவிட்டார்கள் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. கொடைக்குக் குளத்தங்கரையில் வரிசையாக நிற்கும் கார்களைப் பார்த்து உங்கள் கணவருக்கு வருகிற ஆசை அவருக்கு மட்டும் உள்ள குறை இல்லை. அதற்காக அவரிடம் சண்டை போடாதீர்கள்.

ஆனால் அந்த ஆசைக்குக் கொடுத்த விலை என்ன என்று அவருக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் லாட்டரியில் பெரும் பணம் வென்ற 22 பேரைப் பற்றிய ஓர் ஆய்வு 1978-இல் வெளிவந்தது. அவர்கள் மற்றவர்களைவிடச் சந்தோஷமாக இல்லை. அதுமட்டுமல்ல, நண்பரோடு பேசுவது, காலைச் சாப்பாடு போன்ற அன்றாட விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் மற்றவர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. உங்கள் வீட்டிலும் அதுதானே நடந்திருக்கிறது? குற்றாலம் போன சந்தோஷம் கொஞ்ச நாளில் பழகிப்போயிற்று. தவணை மட்டும் பழகவே இல்லை. நாலு பேர் பார்க்க வாங்கிய பொருளுக்காக, நாலு பேர் பார்க்கப் போட வேண்டிய நகை வங்கி லாக்கரில் கிடக்கிறது. நீங்களோ கழுத்தைக் கையால் மூடிக்கொண்டு கொடை பார்க்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்த ஒரு வரிதான்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வீட்டில் இருக்கும் 20 பவுனில் போடாத பழைய மாடல், அறுந்த செயின் என்று 5 பவுன் தேறும். அதை விற்றுவிடுங்கள். உங்கள் அம்மா முகம் சுளிக்கலாம், இருந்தாலும் விற்றுவிடுங்கள். நாலரை லட்சம் வரும். கடைக்காரர் கழிவு போக 4 லட்சத்தை அப்படியே கடனில் கட்டுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் கையில் இருந்த நகையை விற்ற லாபத்துக்கு 12.5 சதவீதம் வருமான வரி உண்டு. உங்கள் சம்பளம் வரி வரம்புக்குள் இருப்பதால் ஒரு பகுதி கழியும். அதுபோக 25,000 முதல் 30,000 வரை எடுத்து வையுங்கள். சரியான தொகையை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாக்கி ஐந்தரை லட்சம். அடுத்த தடவை வங்கிக்குப் போகும்போது ஒரு ரூபாய்கூடக் கூட்டாமல், அந்த 20 பவுனை ஐந்து ஐந்து பவுனாக நான்கு தனிக் கடனாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரே கடனில் கிடந்தால் கடைசிப் பைசா கட்டும்வரை பெரும்பாலும் ஒரு மோதிரம்கூட வீட்டுக்கு வராது. பிரித்து வைத்தால் ஒவ்வொன்றாக மீட்கலாம். இப்போதிலிருந்து மாதம் 8,000. டிவி, போன் தவணை முடிந்ததும் அந்த 6,500-ஐயும் சேர்த்து 14,500. கார்க் கடன் முடிந்த பிறகு அந்த 13,100-ஐயும் சேர்த்து 27,600. ஏறக்குறைய மூன்றரை வருடத்தில் முழுவதும் முடியும், மகள் கல்லூரியில் சேருவதற்கு முன்னாலேயே. இந்தக் காலத்தில் கார் இதே கார்தான். புதுத் தவணை எதுவும் கூடாது, வட்டியில்லாத் தவணை என்று சொன்னாலும் கூடாது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே சொல்லிவிட்டது. தள்ளுபடியாகக் கிடைக்க வேண்டியதுதான் வட்டியாகப் போகிறது.

கொடைக்குப் போங்கள், இதே வண்டியில் போங்கள். கொடைக்கு ஊர் உங்களிடம் கேட்பது தலைக்கட்டு வரியும் பொங்கல் பானையும்தான். நாத்தனார் கேட்டால், "நகை பேங்கில் இருக்கு, மீட்டுக்கிட்டு இருக்கோம், அதான் வண்டி மாத்தலை" என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அண்ணன் வீட்டு நகை அடகில் இருப்பது தெரிந்த பிறகு கார் கேட்கிற நாத்தனார்கள் குறைவு.

கணவரிடம் பேசும்போது கார் பேச்சை எடுக்க வேண்டாம். ஆறு வருட நகைக்கடன் ரசீதுகளையும் வரிசையாக வைத்து, ஒவ்வொரு தடவையும் வட்டிக்குக் கழிந்தது எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு, அந்தப் பணத்தில் என்ன வாங்கினோம் என்று அவரையே எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். ரசீது தொலைந்திருந்தால் கவலை வேண்டாம், வங்கியில் கேட்டால் பழைய கடன் கணக்குகளுக்கு ஸ்டேட்மென்ட் கொடுப்பார்கள்.