பட்டாசலுக்கு நடுவில் விளக்கு

கேள்வி: எங்கள் பழைய வீட்டுப் பட்டாசலில் (கூடத்தில்) இரண்டு கொக்கிகள், வேறுவேறு உயரத்தில், வேறுவேறு இடத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் சரியாக நடுவில் விளக்கு வரவேண்டும். அந்த இடத்தை எப்படிக் கணக்கிடுவது?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அறையின் தென்மேற்கு மூலையில் தரையைப் பூஜ்யமாக வையுங்கள் அம்மா. அங்கிருந்து கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு, மேலே எவ்வளவு என்று ஒவ்வொரு கொக்கிக்கும் மூன்று அளவு எடுங்கள். ஒன்று 2, 1, 8 அடி. மற்றது 12, 9, 10 அடி என்று வைத்துக்கொள்வோம். கிழக்கை கிழக்கோடும், வடக்கை வடக்கோடும், உயரத்தை உயரத்தோடும் கூட்டிப் பாதியாக்கினால் 7, 5, 9. அவ்வளவுதான், வர்க்கமூலம் எதுவும் வேண்டாம்.

முப்பது வருஷம் பாளையங்கோட்டைப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவன் நான். பாதிப் பேர் கூட்டுவதற்குப் பதில் கழிப்பார்கள். கழித்துப் பாதியாக்கினால் 5, 4, 1 வரும். அது முதல் கொக்கியிலிருந்து நகரவேண்டிய தூரம்தான், இடம் அல்ல. அதை 2, 1, 8-உடன் கூட்டினால் மறுபடி 7, 5, 9. சரிபார்க்கவும் இதுவே வழி: இரண்டு கொக்கியிலிருந்தும் வித்தியாசம் 5, 4, 1, வர்க்கங்களின் கூட்டல் 42, தூரம் ஏறக்குறைய ஆறரை அடி.

இதே சராசரியை அட்சரேகை, தீர்க்கரேகைக்குப் போட்டு திருநெல்வேலிக்கும் லண்டனுக்கும் நடுவைத் தேடாதீர்கள். பூமி உருண்டை, தப்பாகிவிடும். தென்காசி வரை என்றால் பாதகமில்லை.

இன்னொன்று, இரண்டு கொக்கிக்கும் இடையே கம்பி கட்டி விளக்கைத் தொங்கவிட்டால், அதன் கனத்தில் கம்பி தொய்யும். 9 அடி என்பது இழுத்துக் கட்டிய கோட்டுக்குத்தான்.