ஈடிப்பஸ் கதையைச் சபையில் பேசுவது

தெரியாமலே அப்பாவைக் கொன்று அம்மாவை மணந்ததற்குத் தண்டனை என்றால், கிரேக்க நாடகத்து ராஜா ஈடிப்பஸ் கதையில் வாலிபர் கூட்டத்துக்கு என்ன பாடம் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். விதி பக்கம் போகாதீர்கள் சகோதரரே, மாட்டிக்கொள்வீர்கள்.

முந்தைய ராஜாவை, அதாவது தன் அப்பாவைக் கொன்றவனை, அது தான்தான் என்று தெரியாமல் ஈடிப்பஸே ஊரறியச் சபிக்கிறான். குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ், கொலைகாரன் நீதான் என்கிறார். பாவம் செய்த தாவீது ராஜாவிடம் தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன ‘நீயே அந்த மனுஷன்’ (2 சாமுவேல் 12) ஞாபகம் வரவில்லையா? தாவீது உடனே ஒத்துக்கொண்டான், மன்னிப்பு கிடைத்தது. தாவீதின் குழந்தை இறந்ததும் அதே அதிகாரம்தான், மறைக்க வேண்டாம். ஈடிப்பஸோ சண்டைக்குப் போகிறான், மைத்துனன் கிரெயோன் மேல் சதிப்பழி போடுகிறான். கடைசியில் உண்மை தெரிந்ததும், தாயும் மனைவியுமான யொகாஸ்டாவின் உடை ஊசிகளால் தன் கண்களையே குத்திக்கொள்கிறான். மன்னிக்க அங்கே ஆளில்லை.

அப்புறம், சோக நாடக நாயகனின் தவறுக்கு அரிஸ்டாட்டில் சொன்ன ‘ஹமார்ட்டியா’ என்ற சொல்தான் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் பாவத்துக்கும் வருகிறது. சொல் ஒன்றானாலும் பொருள் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள், யாராவது கேட்பார்கள்.