தரையோடு தரையாக

அன்புள்ள ஐயா,

ஒரு நூலக நடைகூடத்தில், பழைய சாம்பல்நிறத் தரை டைல்களுக்கு நடுவே நானே வார்த்த சிமென்ட் டைல் ஒன்றைப் பதிக்கப்போகிறேன். அனுமதி கிடைத்துவிட்டது, நிறமும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. யாருமே கவனிக்காவிட்டால் அது கலைதானா? பக்கத்தில் பெயர்ப்பலகை வைக்கலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

கலையா இல்லையா என்ற விசாரத்தை விடுங்கள், அதற்கு ஆள் நிறைய உண்டு. பலகை வேண்டாம். ஒலிக் கலைஞர் மேக்ஸ் நியூஹாஸ் 1977இல் நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில், சுரங்க ரயிலின் காற்றுப்போக்கிக் கம்பிவலைக்கு அடியில் ஒரு ரீங்காரத்தை வைத்தார். பலகை இல்லை. கேட்பவர் கேட்கட்டும் என்று விட்டுவிட்டார்.

எனக்கு எரிச்சல் வேறிடத்தில். "நிறம் பொருந்திவிட்டது" என்று அரை வரியில் முடித்துவிட்டீர்களே! காட்டிக்கொடுப்பது டைலின் நிறமல்ல, கிரவுட், அதாவது டைல்களின் இடைவெளியை நிரப்பும் சாந்து. பழைய கிரவுட் துடைத்த தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கறுத்திருக்கும். புதியது வெளுப்பாக நின்று உங்கள் டைலுக்கு நாலு பக்கமும் சட்டம் போட்டுவிடும். புதிய கிரவுட்டில் கறுப்பு நிறமிப் பொடியைக் கூட்டிக் குறைத்துக் கலந்து நான்கைந்து சோதனைப் பட்டைகள் பூசுங்கள். எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஒரே அளவு. முழுக்கக் காய்ந்தபின் தேர்ந்தெடுங்கள், ஈரத்தில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். இடைவெளி பக்கத்தில் 3 மி.மீ. என்றால் உங்களுடையதும் 3தான். டைல் அரை மி.மீ. பெரிதாக வந்திருந்தால் விளிம்பைத் தேயுங்கள், இடைவெளியை ஒடுக்காதீர்கள்.

ரசமட்டத்தை நம்பவேண்டாம். பழைய தரை எங்காவது தாழ்ந்துதான் இருக்கும். நேர்ச்சட்டத்தைப் பக்கத்து டைல்கள்மேல் வைத்து அதற்கு ஒட்டப் பதியுங்கள். பசையின் கனத்துக்கும் சேர்த்து அடியைக் கொத்தியிருக்க வேண்டும். 1 மி.மீ. தூக்கினாலும் சாய்ந்த வெயிலில் நிழல் விழும், காலும் தட்டும். குந்தி உட்கார்ந்து சரிபார்க்காதீர்கள்; சன்னலை நோக்கி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். மினுமினுப்பு மாறினால் அங்கே தெரிந்துவிடும்.

துப்புரவுப் பணியாளரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. 2011இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகர அருங்காட்சியகத்தில் மார்ட்டின் கிப்பென்பெர்கரின் படைப்பில், ரப்பர் தொட்டிக்குள் வேண்டுமென்றே தீட்டிய கறையை ஒரு பணியாளர் தேய்த்துச் சுத்தமாக்கிவிட்டார். உலகமே சிரித்தது. அவர் தன் வேலையைச் செய்தார், அவ்வளவுதான். அமிலம் கலந்த கழுவுநீர் சிமென்ட்டை அரிக்கும் என்பதை நேரில் சொல்லுங்கள், ஆள் மாறும்போது மறுபடியும் சொல்லுங்கள்.

நல்ல காரியம்தான் செய்கிறீர்கள், தைரியமாகச் செய்யுங்கள். ஒரே கலவையில் மூன்று டைல்களாக வார்த்துவிடுங்கள். பதிக்கும்போதே மூலை உடைவது சகஜம், பிறகு வார்த்தால் அந்த நிறம் திரும்ப வராது.