மகளுக்கு மனநல வார்டு போஸ்டிங்: நாற்பதாயிரம் கட்டலாமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருடம். அடுத்த மாதம் மனநலப் பிரிவில் இரண்டு வாரம் போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சி. "அங்கே போனால் பிள்ளை மனசு கெட்டுப்போகும்" என்று என் அம்மா அழுகிறார். தெரிந்தவர் ஒருவர், "வார்டில் ஒன்றும் சொல்லித்தர மாட்டார்கள், நாற்பதாயிரம் கட்டினால் ஆறு மாத கவுன்சலிங் டிப்ளமோ வாங்கித் தருகிறேன், மேற்படிப்பு சீட்டுக்கும் உதவும்" என்கிறார். கட்டலாமா? அந்த இரண்டு வாரத்தில் அவள் என்னதான் கற்க வேண்டும்?

பதில்: கட்டாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

மனநல மருத்துவர் ஆக எம்.பி.பி.எஸ். முடித்து மூன்று வருடம் எம்.டி. படிக்க வேண்டும். அந்த இடம் நீட் பி.ஜி. போன்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணாலும் கலந்தாய்வாலும் கிடைப்பது. தனியார் கல்லூரியின் நிர்வாக இடத்துக்கும் இதே கதைதான். டிப்ளமோ காகிதத்தை அங்கே யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். இந்த ஆட்கள் இப்போது அப்பாக்களையும் குறி வைக்கிறார்கள், மருத்துவக் கல்லூரி வாசல் டீக்கடையே அவர்களுக்கு அலுவலகம். "சீட்டுக்கு உதவும்" என்று ஒருவர் சொன்னாலே எழுந்து வந்துவிடுங்கள்.

வார்டில் சொல்லித்தர மாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னதில் பாதி உண்மையும் இருக்கிறது, அதுதான் எனக்கு எரிச்சல். ஐந்தரை வருடப் படிப்பில் எங்கள் மனநலப் பிரிவுக்குக் கிடைப்பது இரண்டிரண்டு வாரத் துண்டுகள். தேர்வில் தனித் தாள் கிடையாது, பொது மருத்துவத் தாளில் ஒரு ஓரம். கேள்வி வராத பாடத்தை யார் படிப்பார்கள்? பிள்ளைகள் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு நூலகத்துக்கு ஓடுகிறார்கள். நோயாளியைப் பார்த்து எழுத வேண்டிய கேஸ் ரெக்கார்டு ஜெராக்ஸ் கடையில் கிடைக்கிறது. ஒருமுறை என்னிடம் வந்த ரெக்கார்டில், ஐம்பது வயது லாரி டிரைவருக்கு "பிரசவத்துக்குப் பிறகு தூக்கமின்மை" என்று எழுதியிருந்தது. எழுதிய பையன் இன்று டாக்டர்.

சரி, உங்கள் மகள் கற்க வேண்டியது. நோய்களின் பெயர்ப் பட்டியல் அல்ல, அது புத்தகத்திலேயே இருக்கிறது. முதலில், உளறுகிறவர் எல்லாம் மனநோயாளி அல்ல என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு கைத்தறி நெசவாளி. பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, எலும்பு வார்டில் கிடந்தார். மூன்றாம் நாள் இரவு வலது கை காற்றில் எதையோ வெடுக் வெடுக்கென்று இழுக்கிறது, நல்ல கால் கட்டிலை மிதிக்கிறது. இல்லாத தறியில் நெய்துகொண்டிருந்தார். உடம்பெல்லாம் வியர்வை, நடுக்கம். "பைத்தியம் பிடித்துவிட்டது, உங்கள் வார்டுக்கு மாற்றுங்கள்" என்று எங்களுக்குச் சீட்டு வந்தது. நான் போய் அவர் மனைவியிடம் கேட்டது ஒரே கேள்வி: "கடைசியாக எப்போது குடித்தார்?" விழுந்த அன்று காலை. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் தினமும். அதுவரை அவரிடம் யாரும் இதைக் கேட்கவில்லை.

தினமும் குடித்த உடம்பில் குடி திடீரென்று நின்றால் இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்கு இப்படி ஆகலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியைப் போட்டுவிட்டுத்தான் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், கூடவே மூளையை அமைதிப்படுத்தும் மருந்து. ஐந்தாம் நாள் அவர் டீ கேட்டார். நாளை உங்கள் மகள் கண் டாக்டர் ஆனாலும் இந்த ஒரு கேள்வி அவளுக்கு உதவும்.

குடி என்றதும் சொல்லிவிடுகிறேன். "அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுங்கள், குடி நின்றுவிடும்" என்று பொடி விற்கிறவர்கள் பேருந்து நிலையம் முதல் ஏற்காடு அடிவாரம் வரை இருக்கிறார்கள். சில பொடிகளில் டைசல்ஃபிரம் இருக்கும். அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி ஆள் சரிந்துவிடுவார். நோயாளிக்குத் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது. "நரம்புத் தளர்ச்சி" என்று சுவரொட்டி ஒட்டி லாட்ஜில் அறை எடுத்து உட்காருகிற வைத்தியர்களைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது. அவர்களிடம் பணத்தைத் தொலைத்த இளைஞன் கடைசியில் எங்களிடம்தான் வருகிறான். அவனைக் கேலி செய்யாமல் கேட்பதும் பாடம்தான்.

இரண்டாவது, "சாகலாம் என்று தோன்றியிருக்கிறதா?" என்று நோயாளியிடம் நேராகக் கேட்கப் பழக வேண்டும். கேட்டால் அந்த யோசனை புகுந்துவிடும் என்பது தவறான பயம். கேட்டால் பலருக்குப் பாரம் குறையும். ஆமாம் என்றால் தனியே விடாமல் உடனே மேல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். முயன்று பிழைத்து வந்தவரை வார்டில் திட்டுவது நம் ஊர் வழக்கம். 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. சட்டம் வந்தும் வாய் மாறவில்லை. நள்ளிரவில் கூப்பிட 14416 என்ற இலவச டெலிமானஸ் மனநல உதவி எண் இருப்பதையும் அவள் நோயாளிகளுக்குச் சொல்லலாம்.

பாட்டியின் பயத்துக்கு வருகிறேன். மனநோய் ஒட்டுவாரொட்டி அல்ல. அவள் போஸ்டிங் போகட்டும். ஒரே ஒரு விதிவிலக்கு. வீட்டிலோ நெருங்கிய தோழிகளிலோ சமீபத்தில் யாராவது தற்கொலை செய்திருந்தால், அல்லது அவளே மனநலச் சிகிச்சையில் இருந்தால், போஸ்டிங்கின் முதல் நாளே யூனிட் தலைமை மருத்துவரிடம் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். போஸ்டிங்கை ரத்து செய்யச் சொல்லவில்லை, அந்த மாதிரி கேஸை மட்டும் வேறு மாணவருக்குக் கொடுக்கச் சொல்கிறேன். தேர்வுப் பயமும் ஹாஸ்டல் சண்டையும் இதில் சேராது. வெட்கப்பட்டு மறைத்தால்தான் தொல்லை, ஆகவே மறுபடியும் சொல்கிறேன்: முதல் நாளே, தனியாக, வாயால்.

இன்னொன்று உங்களுக்கு. இரவுச் சாப்பாட்டின்போது "இன்றைக்கு யார் வந்தார்கள்?" என்று அவளைக் கேட்காதீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் சொன்னது விடிவதற்குள் அம்மாப்பேட்டைக்குப் போய்விடும், அந்த நெசவாளி இன்னும் அங்கேதான் தறி ஓட்டுகிறார்.