பேஜ் ஊரில் ஒரு நாள்: ஆன்டிலோப் கேன்யன், ஹார்ஸ்ஷூ பெண்ட் பற்றிய கேள்வி பதில்

அரிசோனாவின் வடக்கு ஓரத்தில், கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கிறது பேஜ். க்ளென் கேன்யன் அணை கட்ட வந்தவர்களுக்காக 1957-ல் உருவான சிற்றூர். குறுகிய பாறைப் பிளவான ஆன்டிலோப் கேன்யனும், ஆறு குதிரை லாடம் போல வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டும் இதன் பக்கத்தில்தான். நண்பர்களோடு நான்கு முறை போய் வந்தவன் என்பதால் நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

லாஸ் வேகஸிலிருந்து ஆறு பேர் கிளம்புகிறோம். ஆன்டிலோப், ஹார்ஸ்ஷூ பெண்ட், கிராண்ட் கேன்யன் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா அண்ணா?

வேண்டாம். வேகஸிலிருந்து பேஜ் வரவே காரில் நாலரை மணி நேரம். அங்கிருந்து கிராண்ட் கேன்யனின் தென் விளிம்புக்கு இன்னும் இரண்டரை மணி நேரம். மூன்றையும் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பீர்கள். முந்தின இரவே பேஜில் தங்கி, ஆன்டிலோப்பையும் ஹார்ஸ்ஷூ பெண்டையும் மட்டும் பாருங்கள். ஒரு நாளுக்கு அது தாராளம்.

ஆன்டிலோப்பில் அப்பர், லோயர் என்று இரண்டு சொல்கிறார்களே, எதற்குப் போவது? அம்மாவுக்கு மூட்டு வலி.

அம்மாவோடு போனால் அப்பர். உள்ளே மணல் தரை, சமமாக நடக்கலாம். ஆனால் வெளியே வந்து திரும்பும் வழியில் படிகளும் ஏற்றமும் உண்டு. அதனால் பதிவு செய்யும்போதே மூட்டு வலியைச் சொல்லி, முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். லோயரில் செங்குத்தான இரும்புப் படிகளில் இறங்க வேண்டும், அவருக்கு ஆகாது. மேலே பிளவாகக் குறுகி, கீழே அகன்றிருப்பது அப்பர். அதனால்தான் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நடுப்பகலில் சூரிய ஒளி தூண் போல உள்ளே இறங்குகிறது. லோயர் மேலே அகன்று, கீழே ஒடுங்கும். ஒளித்தூணை எதிர்பார்க்காதீர்கள், ஆனால் பாறையின் நெளிவுகள் எனக்கு அங்கேதான் அதிகம் பிடித்தன. அம்மாவால் இரண்டுமே முடியாது என்றால் வாவீப் மேட்டுக்குக் காரிலேயே போய், அணைக்குப் பின்னால் தேங்கிய பாவெல் ஏரியைக் காட்டுங்கள்.

வழிகாட்டி இல்லாமல் நாங்களே போக முடியுமா?

முடியாது. அது நவஹோ என்ற பூர்வகுடி மக்களின் நிலம், அவர்கள் அனுமதித்த வழிகாட்டியோடுதான் நுழையலாம். பையும் கேமரா முக்காலியும் கொண்டுபோகக் கூடாது.

ஆகஸ்டில்தான் லீவு. பேஜில் வெயில் அடித்தாலும் மழையென்று டூரை நிறுத்துவார்களாமே, ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. ஜூலை தொடங்கி செப்டம்பர் நடுப்பகுதி வரை அங்கே இடிமழைக் காலம். கேன்யனின் தலைக்கு மேல் பெய்யும் மழை அல்ல ஆபத்து, பல மைல் தள்ளி மேட்டில் பெய்யும் மழைதான். பாறையும் இறுகிய மண்ணும் தண்ணீரைக் குடிக்காது. அத்தனையும் வடிந்து ஓடையில் சேர்ந்து, ஆளகலமே உள்ள பிளவுக்குள் பாய்கிறது. 1997 ஆகஸ்ட் 12-ம் தேதி லோயரில் இப்படித்தான் பதினொரு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அன்று கேன்யன் இருந்த இடத்தில் பெரிய மழை இல்லை. மேலே எங்கோ பெய்த மழை வெள்ளமாக வந்து, அப்போதிருந்த மர ஏணிகளையும் அடித்துக்கொண்டு போனது. இன்றைய இரும்புப் படிகள் அதன் பிறகு வந்தவை.

நவஹோ மொழியில் அப்பருக்குப் பெயரே 'பாறைகளின் ஊடே நீர் ஓடும் இடம்' என்பதுதான். நீங்கள் வியந்து தடவிப் பார்க்கும் அந்த வளைவுகளைச் செதுக்கியதும் இதே வெள்ளம். எனவே வழிகாட்டி 'இன்று இல்லை' என்றால் தயவுசெய்து வாதாடாதீர்கள். ஆகஸ்டில் காலை நேர டூரையே எடுங்கள், இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கட்டும்.

போனில் நேரம் மாறிக்கொண்டே இருந்தது என்று தோழி சொன்னாள். உண்மையா?

உண்மை. கோடையில் அரிசோனா கடிகாரத்தை மாற்றாது, பக்கத்து மாநிலமான யூட்டாவும் நவஹோ நிலமும் மாற்றும். டவரைப் பொறுத்து போன் ஒரு மணி நேரம் தாவும். பேஜ் டூர்கள் பெரும்பாலும் அரிசோனா நேரப்படிதான். ஆனால் அங்கிருந்து நவஹோ நேரப்படி நடக்கும் மான்யுமென்ட் வேலி போனால் ஒரு மணி நேரம் போய்விடும். எங்கள் முதல் பயணத்தில் இதைக் கவனிக்காமல், வாயில் மூடிய பிறகு போய் நின்றோம். கையில் சாதாரண கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

ஹார்ஸ்ஷூ பெண்டுக்கு எப்போது போகலாம்? குழந்தைகள் வருகிறார்கள்.

காலை பத்து மணிக்கு முன்னால் ஆறு நிழலில் கிடக்கும். அஸ்தமனம் அழகு, ஆனால் கேமராவுக்கு நேர் எதிரே சூரியன். கூட்டமும் அப்போதுதான். போக வர ஒன்றரை மைலுக்குக் கொஞ்சம் குறைவு, நிழல் மிகக் குறைவு. ஆறு சுமார் ஆயிரம் அடி கீழே ஓடுகிறது. காட்சி மேடையில் மட்டும்தான் கம்பித் தடுப்பு, மற்ற இடமெல்லாம் திறந்த விளிம்பு. குழந்தையின் கையை விடாதீர்கள், செல்ஃபிக்காகப் பின்னால் நகராதீர்கள்.

அந்த ஆறு ஏன் அவ்வளவு பச்சை?

அணையால்தான். வண்டல் எல்லாம் பாவெல் ஏரியில் தங்கிவிடுகிறது. ஏரியின் ஆழத்திலிருந்து தெளிந்த, குளிர்ந்த நீர் வெளியே வருகிறது. அணைக்கு முன்பு அங்கே கலங்கிய செந்நீர்தான் ஓடியது.

சாப்பாடு, தண்ணீர்?

புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள், வெயிலில் தாங்கும். தண்ணீர் ஆளுக்கு நான்கு லிட்டர். ஹார்ஸ்ஷூ பெண்டுக்கு நடக்கும்போது பாட்டிலைக் காரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், திரும்பி வருவது ஏற்றம்.