கம்பெனிக்கு 99 வருஷம், தொழிலாளிக்கு?

கேள்வி: உள்ளூர்த் தொழிலாளர்களுக்கு அரசு நிலத்தில் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். பீடித் தொழிலாளிக்குத்தான் வீடு கட்ட மானியம் இருக்கிறதே, அதை வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும். ஊர்ப் பொது நிலத்தை ஏன் இவர்களுக்குத் தாரை வார்க்க வேண்டும்? கொடுத்தால் நாலு வருஷத்தில் விற்றுவிட்டு அடுத்த புறம்போக்கைத் தேடிப் போவார்கள். குளத்துக்குள் வீடு கட்டியதால்தான் 2023-ல் நெல்லை மூழ்கியது என்பது உங்களுக்கு மறந்துவிட்டதா?
– ஒரு வாசகர், முக்கூடல்

பதில்: முக்கூடலில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே அண்ணாச்சி! உங்கள் தெருவில் நாலு வீடு நடந்தால், மடியில் சுளகு வைத்துப் பீடி சுற்றும் ஒரு பெண்ணைப் பார்க்காமல் திரும்ப முடியுமா? அவரிடமே மானியம் வாங்கினாயா தாயி என்று கேட்டிருக்கலாம்.

2016-ல் மத்திய அரசு திருத்தி அறிவித்த பீடித் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தில் மானியம் 1,50,000 ரூபாய் என்று இருந்தது. 37,500, 90,000, 22,500 என்று மூன்று தவணை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனை சொந்தமாக இருப்பதற்கான காகிதத்தைக் காட்டினால்தான் விண்ணப்பமே நகர்ந்தது. மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய். அதற்கும் பட்டா வேண்டும், புறம்போக்கில் போட்ட குடிசைக்குக் கிடையாது. மனை உள்ளவருக்குச் சுவரும் கூரையும் கிடைக்கும். மனை இல்லாதவர் பட்டாவோடு வர வேண்டும். பட்டாவுக்கு எங்கே போவார்? வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன பெரியவரும் மனை வைத்திருந்த யாரையோ பார்த்துத்தான் சொல்லியிருப்பார்.

பீடி சுற்றுகிறவருக்கு வீடு என்பது படுக்க மட்டும் உள்ள இடமில்லை, அதுதான் பட்டறை. இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பதும், தகர அளவு வைத்துக் கத்தரிப்பதும், புகையிலைத் தூள் போட்டுச் சுருட்டி நூல் கட்டுவதும் அந்த ஒற்றை அறையில்தான். அதே அறையின் மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் பிள்ளை தூங்கும். ஐப்பசி மழையில் ஓடு ஒழுகினால் நனைவது பாய் மட்டுமில்லை. பதம் கெட்ட பீடியைப் பீடிக் கம்பெனிக் கடையில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அன்றைய கூலி போயிற்று. நான் ஒரு தடவை ஆலங்குளம் பக்கம் ஒரு வாடகை வீட்டில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வீட்டுக்காரருக்குத் தூள் வாடை ஆகாது என்று ஜன்னலில் பாலிதீன் தாள் ஒட்டியிருந்தார்கள். உள்ளே அம்மாவும் மகளும் சுளகும் கையுமாக, காற்றே இல்லாமல். பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது 1976-ல். அதற்கு அப்புறம் பிறந்த பிள்ளைகள் பாட்டியாகிவிட்டார்கள். ஜன்னல் திறந்தபாடில்லை.

அடுத்தது தாரை வார்ப்பது. நல்ல வார்த்தையாகத்தான் பிடித்திருக்கிறீர்கள், ஆனால் ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் மாஞ்சோலைப் பக்கம் எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் மலைக்காட்டைத் தேயிலைக்காக ஒரு கம்பெனிக்குக் கொடுத்தது. 99 வருஷக் குத்தகை. பிறகு ஜமீன் ஒழிந்து நிலம் அரசுக்கு வந்தது; குத்தகை மட்டும் ஒழியவில்லை, 2028 வரை செல்லும் காகிதம் அது. அந்தக் காட்டைத் தோட்டமாக்கிய தொழிலாளிக்கு என்ன காகிதம் கிடைத்தது? கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடு, அதுவும் வேலை இருக்கிற வரைக்கும். 2024-ல் விருப்ப ஓய்வு என்று ஒரு தாளை நீட்டி வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது, நாலைந்து தலைமுறையாக மலையில் இருந்தவர்கள் கீழே எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்கள். அதே தொழிலாளர்களின் கூலிப் பிரச்சினைக்காகக் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போய், 1999 ஜூலை 23-ல் 17 பேர் தாமிரபரணியில் இறந்ததையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது.

மாஞ்சோலையிலேயே வீடு கட்டிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது புலிகள் காப்பகத்துக் காடு, காடாகவே இருக்கட்டும். கம்பெனிக்கு ஆயிரக்கணக்கில் ஏக்கரை மூன்று தலைமுறைக்கு எழுதிக் கொடுத்தபோது பொது நிலம் போகிறதே என்று யாருக்கும் வயிறு எரியவில்லை, மலையடிவாரத்தில் தொழிலாளிக்கு மூன்று சென்ட் என்றதும் எரிகிறதே, ஏன்?

வெள்ளத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதிக்குக் கை தூக்குகிறேன். குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கில் யாருக்கும் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. ஆனால் 2023 டிசம்பரில் கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்ததே, அங்கே குடிசை போட்டிருந்தது யார்? வேய்ந்தான்குளத்தை ஒட்டிப் பேருந்து நிலையம் கட்டியது எந்த ஏழை? குளத்து நிலத்துக்குத் தொழிலாளி போனது, மேட்டு நிலத்தில் அவரை யாரும் விடாததால். கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டைப் புரட்டினால் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, கல்லாங்குத்து என்று பக்கம் பக்கமாக வரும். நான் கேட்பது அந்த மேட்டு நிலத்தை.

விற்றுவிடுவார்கள் என்கிறீர்கள். விற்கத்தான் செய்கிறார்கள், மறைக்க என்ன இருக்கிறது? இலவச மனைப் பட்டாவில் விற்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கும். அதையும் மீறி முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதி, மகள் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ கைமாறிவிடும். வாங்குகிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே ரெண்டு வீடு உள்ளவர். அதனால்தான் பட்டாவே வேண்டாம், குத்தகை கொடுங்கள் என்கிறேன். நிலம் அரசு பெயரிலேயே இருக்கட்டும். வீட்டில் இருக்கும் உரிமை 99 வருஷத்துக்கு, பிள்ளைகளுக்கும் சேரும்படி. குடும்பம் ஊரை விட்டுப் போனால் வீடு அரசின் வீட்டு வாரியத்துக்குத் திரும்பி, வரிசையில் நிற்கும் அடுத்த தொழிலாளிக்குப் போக வேண்டும். கட்டிய பணத்தைக் கணக்குப் பார்த்துக் கையில் கொடுத்துவிடலாம். வாடகை கூலியை ஒட்டி இருக்கட்டும், ஆனால் இலவசமாக இருக்கக் கூடாது. மோட்டார் ரிப்பேருக்கும் செப்டிக் டேங்க் அள்ளுவதற்கும் காசு ஒதுக்காத குடியிருப்பு என்ன கதிக்கு ஆளாகும் என்பதைப் பழைய வாரியக் குடியிருப்புகளில் போய்ப் பார்த்தாலே தெரியும்.

அரசுக்கு இது புது வித்தையும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் சிப்காட் தொழிற்பேட்டை நிலத்தில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் கட்டடத்தை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். செல்போன் தொழிற்சாலைக்கு வேண்டும் என்றதும் நிலமும் கிடைத்தது, பணமும் கிடைத்தது. ஆனால் அது கட்டில், வீடு இல்லை. கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிற நம்மூர்ப் பெண்ணுக்கு அப்பா, அம்மா, பிள்ளைகுட்டி எல்லாம் உண்டு. கட்டிலை வைத்து அவர் என்ன செய்வார்? அதே கங்கைகொண்டானில் 2013-ல் புள்ளிமானுக்குச் சரணாலயம் அறிவித்தார்கள். நல்ல காரியம்தான். பக்கத்து ஷெட்டில் ஷிப்ட் பார்க்கிறவர் இன்னும் வாடகைக்கு அலைகிறார்.

இன்னொன்று, நிலம் எங்கே இருக்கிறது என்பது. ஊருக்கு வெளியே பதினைந்து கிலோமீட்டரில் மலிவாகக் கிடைத்தது என்று நாலு மாடி எழுப்பினால் சாவியை வாங்கிக்கொண்டு யாரும் குடிவர மாட்டார்கள். பீடி சுற்றுகிறவர் கட்டுகளைக் கடையில் கொண்டுபோய் எண்ணிப் போட்டு, மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கி வர வேண்டும். பஸ்ஸுக்குப் போகும் நேரத்தில் நாலு கட்டு குறையும். நாலாவது மாடிக்கு இலைச் சாக்கைத் தூக்குவது வேறு.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் வருவாய்க் கிராமத்தில் நீர்நிலை போக எத்தனை ஏக்கர் தரிசு இருக்கிறது, அதில் யார் யார் கையில் எவ்வளவு என்று தாலுகா அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாள். பதில் வந்ததும் அனுப்புங்கள், சர்வே எண்ணோடு இதே பக்கத்தில் போடுகிறேன். அந்தக் கணக்கில் உங்கள் சொந்தக்காரர் தோப்பு ஏதும் வந்தாலும் விடாமல் போடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.